கொல்கத்தா டிராமும் நெட்டப்பாக்கம் பஸ்ஸும்: பழைய வண்டியில் ஊர் சுற்றும் சுற்றுலா யாருக்கு உதவும்?

150 ஆண்டுகள் ஓடிய கொல்கத்தா டிராமை 'சுற்றிப் பார்க்க மட்டும்' என்று சுருக்கப் பார்க்கிறது மேற்கு வங்க அரசு. அங்கே நடக்கும் இந்தச் சண்டையில், ஒயிட் டவுனைத் தாண்டிச் சுற்றுலாப் பயணிகள் எட்டிப் பார்க்காத புதுச்சேரி கிராமங்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. விரிவாகப் பார்ப்போம்.

சனி, ஞாயிறு வந்தால் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நிற்க இடம் இருக்காது. சென்னை, பெங்களூரு வண்டிகளால் ஒயிட் டவுன் தெருக்கள் அடைத்துக்கொள்ளும். அதே நேரத்தில், இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் நெட்டப்பாக்கத்தில் ஒரு சுற்றுலா வண்டியைக்கூடப் பார்ப்பது அபூர்வம். இத்தனைக்கும், பிரெஞ்சு ஆட்சியில் இருந்து புதுச்சேரி விடுதலை ஆன கதையில் முக்கியமான ஒரு அத்தியாயம் நடந்த ஊர் இது.

ஊரில் வரலாறு இருக்கு, ஆனா பார்க்க ஆள் வரல. இந்தச் சிக்கலுக்குப் பல நாடுகள் கையில் எடுத்த ஒரு வழி, பழைய டிராம். அந்த வழி எங்கே பலித்தது, எங்கே சறுக்கியது?

கொல்கத்தாவில் என்ன பிரச்னை?

இந்தியாவில் டிராம் மிஞ்சியிருக்கும் ஒரே நகரம் கொல்கத்தா. 1873 பிப்ரவரி 24ஆம் தேதி, சியால்டாவில் இருந்து ஆர்மீனியன் காட் வரை குதிரை இழுக்கும் டிராம் முதன்முதலில் ஓடியது. போதிய ஆதரவு இல்லாமல் அதே ஆண்டு நவம்பரில் நின்றுபோனது. 1880இல் மீண்டும் வந்தது. 1902இல் மின்சார டிராம் எஸ்பிளனேடில் இருந்து கிடர்பூருக்கு ஓடத் தொடங்கியது.

அதன்பிறகு டிராம் இல்லாத கொல்கத்தாவை நினைத்துப் பார்க்க முடியாது என்கிற நிலை. 1953இல் டிராம் கட்டணத்தை ஒரே ஒரு பைசா ஏற்றியதற்கு நகரமே கொதித்தெழுந்து போராடியது. சாதாரண ஜனங்களின் வண்டி அது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

2024 செப்டம்பரில் மேற்கு வங்கப் போக்குவரத்து அமைச்சர் சினேகாசிஸ் சக்ரவர்த்தி ஓர் அறிவிப்பை வெளியிட்டார். மைதான் - எஸ்பிளனேடு இடையே பாரம்பரியச் சின்னமாக ஒரு தடத்தில் மட்டும் டிராம் ஓடும், மற்ற தடங்கள் நிறுத்தப்படும் என்பதே அது. கொல்கத்தாவின் மொத்தப் பரப்பில் சாலைகள் வெறும் 6 சதவீதம்தான், அதில் மெதுவாகப் போகும் டிராம் நெரிசலை உண்டாக்குகிறது என்பது அரசு சொன்ன காரணம்.

டிராம் ஆர்வலர்கள் ஏற்கவில்லை. விவகாரம் ஏற்கெனவே கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் இருந்தது. 2025 ஜனவரியில், அப்போதைய தலைமை நீதிபதி டி.எஸ்.சிவஞானம் தலைமையிலான அமர்வு, டிராம் தண்டவாளங்களைத் தார் போட்டு மூடக் கூடாது என்று சொன்னது. தண்டவாளம் போய்விட்டால் வண்டியைக் காப்பாற்றி என்ன பயன்?

டிராம் ஏன் நெரிசலுக்கு ஆளாகிறது?

டிராமுக்குத் தண்டவாளம் சாலையிலேயே பதிந்திருக்கும். தலைக்கு மேல் ஓடும் கம்பியில் இருந்து மின்சாரம் வரும். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளுவதால் உராய்வு குறைவு. அதனால் செலவாகும் மின்சாரமும் குறைவு, புகையும் கிடையாது.

ஆனால் ஒரு பலவீனம் உண்டு. பஸ் என்றால் எதிரே நிற்கும் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய்விடும். டிராமால் ஓர் அடிகூட விலக முடியாது. தண்டவாளத்தின் மேல் யாரோ ஒருவர் காரை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால், பின்னால் வரும் டிராம் அத்தனையும் நிற்க வேண்டியதுதான். நெரிசலுக்கு டிராம் காரணமா, அல்லது நெரிசலில் டிராம் சிக்கியதா என்பதில்தான் அரசுக்கும் ஆர்வலர்களுக்கும் சண்டையே.

டிராமில் ஊர் சுற்றினால் என்ன பார்க்கலாம்?

எஸ்பிளனேடில் இருந்து ஷியாம்பஜார் போகும் தடத்தை எடுத்துக்கொள்வோம். வழியில் பழைய புத்தகக் கடைகள் வரிசைகட்டி நிற்கும் காலேஜ் ஸ்ட்ரீட். பிரெசிடென்சி கல்லூரி, இப்போது பல்கலைக்கழகம். இந்தியன் காபி ஹவுஸ் அங்கேயே பக்கத்தில். தொடர்ந்து பிதான் சரணி. விவேகானந்தர் பிறந்த வீடும், பெத்யூன் கல்லூரியும், ஸ்டார் தியேட்டரும் இந்தச் சாலையையும் அதன் அருகையும் ஒட்டியே இருக்கின்றன.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இது சுற்றுலாவுக்காகப் போட்ட தடம் இல்லை. ஜனங்கள் வேலைக்கும் கடைக்கும் கல்லூரிக்கும் போக உருவான தடம். கல்லூரியும் தியேட்டரும் அங்கே இருந்ததால் டிராம் போனது. டிராம் போனதால் அந்தச் சாலை மேலும் வளர்ந்தது.

அரசு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் மைதான் தடத்தில் பசுமை இருக்கிறது, காற்று வருகிறது, போட்டோவுக்கு அழகாக இருக்கும். ஆனால் மைதானத்தில் குடியிருப்பவர் யாரும் இல்லை. வேலைக்குப் போக அந்த வண்டியை நம்பி நிற்கும் பயணி கிடையாது. ஆர்வலர்களின் அச்சமே இதுதான். 'பாரம்பரியம்' என்று பெயர் வைத்து வண்டியைப் பொம்மையாக்கிவிட்டால், நாளைக்கு நஷ்டக் கணக்கு காட்டி அதையும் நிறுத்திவிடலாம்.

எஸ்பிளனேடு டிப்போவில் 'ஸ்மரணிகா' என்று ஒரு பழைய டிராம் பெட்டியையே அருங்காட்சியகமாக மாற்றி வைத்திருக்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனா ஒரு ஊரில் அருங்காட்சியகத்தில் மட்டுமே டிராம் இருக்கும் என்றால், அது வேறு கதை.

சென்னையிலும் ஓடியதே டிராம்?

ஆமாம். கொல்கத்தாவுக்கு முன்பே மின்சார டிராம் ஓடியது சென்னையில்தான். 1895 மே 7ஆம் தேதி தொடங்கியது. ஆரம்பத்தில் தலைக்கு மேல் கம்பி இல்லை. தரைக்கு அடியில் பதித்த குழாய் வழியாக மின்சாரம் வந்தது. பிறகு மேல் கம்பிக்கு மாறினார்கள்.

துறைமுகம், பாரிமுனை, மவுண்ட் ரோடு, பூந்தமல்லி சாலை என்று ஓடிய டிராம், 1921இல் உச்சத்தைத் தொட்டது. 24 கிலோமீட்டர் தண்டவாளம், 97 பெட்டிகள். பின்னர் டிராம் கம்பெனி நொடித்துப்போக, 1953 ஏப்ரல் 12ஆம் தேதியுடன் சென்னையில் டிராம் சகாப்தம் முடிந்தது. கொழும்பில் 1960இல், டெல்லியில் 1963இல், மும்பையில் 1964இல் அடுத்தடுத்து டிராம்கள் ஓய்ந்தன.

இன்றைக்கு சென்னையில் மெட்ரோ ரயில் எங்கே போகிறது? அதே அண்ணா சாலை, அதே பூந்தமல்லி நெடுஞ்சாலை. தண்டவாளத்தைப் பிடுங்கிய சாலைகளில், பல ஆயிரம் கோடி செலவழித்து, பூமிக்கு அடியில் மறுபடியும் தண்டவாளம் போட்டிருக்கிறோம். டிராமை வைத்திருந்தால் மெட்ரோ தேவைப்பட்டிருக்காது என்று சொல்ல முடியாது. இரண்டின் வேகமும் கொள்ளளவும் வேறு. ஆனால் ஒரு வசதியை ஒழிப்பது சுலபம், திரும்பக் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு மவுண்ட் ரோடே சாட்சி.

வெளிநாடுகளில் எப்படி?

ஹாங்காங்: 1904இல் இருந்து ஓடும் மாடி டிராம். மணிச் சத்தத்தை வைத்து 'டிங் டிங்' என்று செல்லப் பெயர். சுற்றுலாப் பயணி மாடியில் உட்கார்ந்து படம் எடுப்பார், பக்கத்து சீட்டில் காய்கறிப் பையோடு உள்ளூர் பாட்டி உட்கார்ந்திருப்பார். இருவருக்கும் ஒரே வண்டி.

மெல்போர்ன்: 1994இல் இருந்து நகர மையத்தைச் சுற்றி இலவச டிராம் ஓடுகிறது. பழைய பாணிப் பெட்டிகள், வழியில் உள்ள இடங்களைப் பற்றி ஒலிபெருக்கியில் விளக்கம். ஆனால் அதற்குப் பின்னால் நகரம் முழுக்கப் பரவிய, தினசரி ஓடும் பெரிய டிராம் அமைப்பு இருக்கிறது. சுற்றுலா வண்டி அதில் ஒரு சிறு பகுதி மட்டுமே.

சான் பிரான்சிஸ்கோ: பல நாடுகளில் கழித்துக்கட்டிய பழைய டிராம்களை வாங்கிப் பழுதுபார்த்து, 1995இல் இருந்து மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு தடமாகவே ஓட்டுகிறார்கள். இத்தாலியின் மிலன் நகரத்து 1928ஆம் ஆண்டு மாடல் பெட்டிகளும் அதில் உண்டு.

லிஸ்பன்: இங்கே கதை தலைகீழ். 28ஆம் எண் டிராம் அவ்வளவு பிரபலமாகிவிட்டதால், உள்ளூர்க்காரர்களுக்கு ஏறவே இடம் கிடைப்பதில்லை. அதே நகரத்தில் 2025 செப்டம்பர் 3ஆம் தேதி, 1885இல் தொடங்கிய குளோரியா என்ற மலைச்சரிவு இழுவை வண்டி கட்டுப்பாட்டை இழந்து மோதியதில் 16 பேர் இறந்தனர். பழமையான வண்டி என்றால் பராமரிப்பு பல மடங்கு கவனமாக இருக்க வேண்டும் என்பதை உலகத்துக்கே உணர்த்திய விபத்து அது.

தமிழ்நாட்டில் இதற்கு நெருக்கமான உதாரணம், நீலகிரி மலை ரயில். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் பாதை வந்தது. 2005இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. வண்டியில் போவதே சுற்றுலா என்று ஆகிவிட்ட பயணம்.

சரி, நெட்டப்பாக்கத்துக்கு வருவோம்

புதுச்சேரியின் பழைய பயண அடையாளம் என்றால் டிராமைவிட 'புஷ்புஷ்' வண்டிதான் நினைவுக்கு வரும். பின்னால் இருந்து ஆள் தள்ள, உள்ளே உட்கார்ந்திருப்பவர் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பிப் போகும் வண்டி. மனிதரை மனிதர் தள்ளும் அந்த வண்டி ஒழிந்தது நல்லதே. பழசு எல்லாமே காப்பாற்ற வேண்டியது இல்லை என்பதற்கும் அது ஓர் உதாரணம்.

அப்படியானால் கிராமப்புறப் புதுச்சேரியில் என்ன இருக்கிறது? ஒரு சின்னப் பட்டியல்:

நெட்டப்பாக்கம்: 1954 மார்ச் 31ஆம் தேதி, எதுவார் குபேர் தலைமையில் இங்கே இந்தியக் கொடி ஏற்றப்பட்டது. புதுச்சேரி நகரம் அப்போதும் பிரெஞ்சுக்காரர்கள் கையில். சுற்றிலும் இந்திய நிலப்பகுதி இருந்ததால், பிரெஞ்சு நிர்வாகத்தின் பிடி முதலில் நழுவிய ஊர்களில் ஒன்றானது நெட்டப்பாக்கம்.

கீழூர்: வில்லியனூர் வட்டத்தில் உள்ள ஊர். 1954 அக்டோபர் 18ஆம் தேதி, மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் இங்கே கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல் நடந்தது.

பாகூர்: சோழர் காலத்து மூலநாதர் கோயில். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர் செப்பேடு, இங்கே இருந்த ஒரு கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்த செய்தியைச் சொல்கிறது. அதாவது சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஒரு கல்லூரி இருந்திருக்கிறது.

வில்லியனூர்: திருக்காமீசுவரர் கோயில், லூர்து மாதா ஆலயம். கோயில் தேரை பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்து இழுத்த வழக்கம், இன்று துணைநிலை ஆளுநர் வரை தொடர்கிறது.

திருபுவனை, திருவாண்டார்கோயில், மதகடிப்பட்டு: மூன்றிலும் பழைய சோழர் காலக் கோயில்கள். மூன்றும் புதுச்சேரி - விழுப்புரம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்கள்.

கவனித்தீர்களா? வில்லியனூரில் தொடங்கி மதகடிப்பட்டு வரை ஒரே சாலை. விழுப்புரம் பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் வழியே ஊர் ஊராகக் கடந்து போகும் வரலாறு. போதாததற்கு 1879இல் போட்ட புதுச்சேரி - விழுப்புரம் ரயில் பாதை இன்றும் வில்லியனூர் வழியாகத்தான் போகிறது. தண்டவாளமும் இருக்கு, ரயிலும் நிக்குது. இறங்க மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை.

அப்போ தடை எது?

முதல் தடை, வரைபடம். புதுச்சேரி பகுதி ஒரே துண்டாக இல்லை. இடையிடையே தமிழ்நாட்டு நிலம் வரும். நெட்டப்பாக்கம் போகும் பஸ், வழியில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து மீண்டும் புதுச்சேரிக்குள் வர வேண்டும்.

அப்படியென்றால் ஒவ்வொரு தடத்துக்கும் இரண்டு அரசும் பேசி முடிக்க வேண்டுமா? அவசியம் இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 88ஆவது பிரிவில் இதற்கென்றே ஒரு விதிவிலக்கு உண்டு. புறப்படும் இடமும் சேரும் இடமும் ஒரே மாநிலத்தில் இருந்து, இடையில் அடுத்த மாநிலத்தில் கடக்கும் தூரம் 16 கிலோமீட்டருக்கு மேல் போகாவிட்டால், அந்த மாநிலத்தின் மேலொப்பம் இல்லாமலே பர்மிட் செல்லும். துண்டு துண்டாகக் கிடக்கும் புதுச்சேரிக்கு இது பெரிய வசதி.

இரண்டாவது தடை, தகவல். பஸ்ஸில் ஏறும் வெளியூர்க்காரருக்கு எந்த நிறுத்தத்தில் இறங்கினால் எந்தக் கோயில், அடுத்த பஸ் எப்போது, கோயில் நடை எப்போது சாத்துவார்கள் என்று சொல்ல ஆள் இல்லை. மதியம் நடை சாத்திய நேரத்தில் போய் நின்றால், வெயிலில் காய்ந்து திரும்ப வேண்டியதுதான். அப்படி ஒருமுறை திரும்பியவர் மறுமுறை வரமாட்டார்.

மூன்றாவது தடை, நேரம். கிராமத்து பஸ்கள் காலையில் பள்ளி, வேலை நேரத்தையும் சாயங்காலம் வீடு திரும்பும் நேரத்தையும் கணக்கில் வைத்தே ஓடும். சுற்றுலாப் பயணி வருவது நடுவில். ஆனால் நடுவில் பஸ் குறைந்தால் கஷ்டப்படுவது அவர் மட்டும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வரும் பெரியவர், ரேஷன் கார்டு வேலையாக பாண்டி போய் வருகிறவர், மதிய ஷிப்ட் முடித்த பெண்கள் என எல்லோருக்கும் அதே கஷ்டம்தான்.

கொல்கத்தா சொல்லும் பாடம்

இங்கேதான் கொல்கத்தா டிராமும் நெட்டப்பாக்கம் பஸ்ஸும் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன. வண்டி யாருக்காக ஓடுகிறது?

சுற்றுலாப் பயணிக்காக மட்டும் ஓடும் வண்டி, சீசன் முடிந்தால் காலியாக ஓடும். பிறகு நஷ்டம் என்று நிற்கும். உள்ளூர் ஜனங்கள் தினமும் ஏறும் வண்டி, மழைக்காலத்திலும் ஓடும். அதில் சுற்றுலாப் பயணி ஏறினால் கூடுதல் வருமானம். ஹாங்காங்கில் நடப்பது இதுதான். லிஸ்பன் சொல்லும் எச்சரிக்கையும் உண்டு. வெளியூர்க்காரர் கூட்டம் உள்ளூர்க்காரரை வண்டியைவிட்டு இறக்கிவிடக் கூடாது.

இதை வைத்துப் பார்த்தால் நெட்டப்பாக்கத்துக்குத் தேவை புது டிராமோ, டிராம் மாதிரி பெயின்ட் அடித்த வண்டியோ அல்ல. செலவு குறைந்த நான்கு விஷயங்கள் போதும்:

ஒன்று, பகல் நேரத்திலும் குறித்த நேரத்துக்கு ஓடும் பஸ். இரண்டு, புதுச்சேரி கிராமப்புறம் முழுக்க ஏறி இறங்க ஒரு நாள் டிக்கெட். மூன்று, ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த ஊரின் கதையைத் தமிழிலும் பிற மொழிகளிலும் சொல்லும் பலகை. நான்கு, கோயில் நடை திறக்கும் நேரத்தோடு பொருந்தும் கால அட்டவணை.

எதிர்வாதமும் இருக்கிறது. நாலு பேர் வருவார்கள் என்று நம்பி வெறும் பஸ்ஸை ஓட்டினால் டீசல் காசு யார் கொடுப்பது? நியாயமான கேள்விதான். அதனால்தான் முதல் பயணி உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும். அவருக்கே பயன்படாத நேரத்தில், பயன்படாத தடத்தில் வண்டி விட்டால் அது நிலைக்காது. அவருக்குத் தேவையான மதிய பஸ்ஸை விட்டுவிட்டு, அதில் சுற்றுலாவைச் சேர்ப்பதுதான் கட்டுப்படியாகும்.

இன்னொரு கவலையும் உண்டு. கூட்டம் வந்தால் ஊர் கெட்டுப்போகாதா? ஒயிட் டவுன் பக்கம் வாடகை எகிறியதையும் தெருவில் நடக்க முடியாமல் போனதையும் பார்த்தவர்கள் கேட்பார்கள். கார் கூட்டம் வந்தால் அந்த ஆபத்து நிச்சயம். பஸ்ஸில் வருகிறவர் பார்க்கிங் கேட்கமாட்டார். நிறுத்தத்தில் இறங்கி, டீக்கடையில் உட்கார்ந்து, நடந்துபோய்ப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறுவார். அவர் செலவழிக்கும் காசும் அந்த டீக்கடைக்கே போகும்.

இனி என்ன?

கொல்கத்தாவில் தண்டவாளம் மிஞ்சுமா என்பது நீதிமன்றத்திலும் சாலையிலும் முடிவாகும். அங்கே நடக்கும் சண்டை, பழைய வண்டி மீதான பாசத்தால் மட்டும் வந்தது இல்லை. 1953இல் ஒரு பைசாவுக்குப் போராடியவர்களின் பேரப்பிள்ளைகள், அந்த வண்டியில் ஏறி வேலைக்குப் போகும் உரிமையைக் கேட்கிறார்கள்.

நெட்டப்பாக்கத்தில் கொடி ஏறி எழுபது ஆண்டுகள் தாண்டிவிட்டன. அந்த இடத்தைப் பார்க்க வெளியூரில் இருந்து ஒருவர் வருவாரா என்பதற்கு முன்னால், அந்த ஊர் மாணவர்கள் கீழூரையும் பாகூரையும் ஒரே நாளில் பஸ்ஸிலேயே போய்ப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்ப முடியுமா என்று கேட்க வேண்டும். அது முடிந்தால், சென்னைக்காரரும் பெங்களூருக்காரரும் தானாக அதே பஸ்ஸில் ஏறுவார்கள். வில்லியனூர் தேருக்கு முதலில் வடம் பிடிப்பது ஆளுநராக இருக்கலாம். ஆனா, கடைசி வரைக்கும் இழுத்து நிலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது ஊர் ஜனங்கதான்.